தளிகை மேடையும் விமோகமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், பக்தி நிலைபெறுவதற்கு வேண்டிய ஏழு ஸாதனங்களை எம்பெருமானார் வாக்யகாரரைக் கொண்டு காட்டியருளுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவற்றுள் முதலாவதான விவேகம் என்பது இங்கு உண்ணும் அன்னத்தின் சுத்தியையே குறிக்கிறது. ப்ரஹ்மத்தைத் தேடிப் புறப்பட்டவனின் முதல் அடி அடுக்களையில் விழுகிறது என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது.

அன்னத்திற்கு வரும் தோஷங்கள் மூன்று. இயல்பாலேயே விலக்கப்பட்டவை ஜாதி தோஷம் உடையவை. அது வந்த இடத்தால் நேர்வது ஆச்ரய தோஷம். எச்சில், மயிர் போன்றவை பட்டதால் நேர்வது நிமித்த தோஷம். முதல் இரண்டையும் கடைத்தெருவிலேயே தவிர்த்துவிடுகிறோம். மூன்றாவதோ நம் அகத்திலேயே, தளிகை மேடையின் மீதே பிறக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

நாம் வசிக்கும் தேங்காய்த்திட்டு, புதுவையில் துறைமுகத்தையும் கழிமுகத்தையும் ஒட்டிய பகுதி. காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் உண்டு. மேடையில் நான்கு நாள் நகர்த்தாமல் வைத்த டப்பாவின் அடியில் துருவளையம் விழும். அதன் பின்னே எறும்பு சாரை கட்டும். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், இதைக் கண்டு தர்மபத்நியிடம் பலமுறை குறைப்பட்டோம். ஒரு நாள் அவள், “மேடையில இருக்கறதுல பாதி உங்களோடது” என்றாள்.

வங்கிக்காரர் வழக்கப்படி இருப்புக் கணக்கு எடுத்தோம். மேடையில் இருந்தவை முப்பத்தொன்று. அன்றைய தளிகைக்குப் பயன்பட்டவை ஒன்பதே. எஞ்சிய இருபத்திரண்டில் பதினான்கு நம்முடையவை: மாத்திரை அட்டைகள், மூக்குக் கண்ணாடி, கைப்பேசிச் சார்ஜர், மின்கட்டண ரசீது, பாதி குடித்து வைத்த காபி டம்ளர். பெருமாள் அமுது செய்யப்போகும் ப்ரஸாதத்தின் அருகே நம் எச்சில் டம்ளர்! நிமித்த தோஷம் வெளியிலிருந்து வரவில்லை.

முப்பத்தேழு ஆண்டுகள் வங்கியில் இருந்தும் இது நமக்குத் தோன்றாமற்போனது வியப்பே. அங்கே மாலையில் ரொக்கத்தைக் கணக்குடன் நேர் பார்த்து, இரு அதிகாரிகளின் இரு சாவிகளால் பூட்டப்படும் பெட்டகத்தில் வைத்த பிறகே காசாளர் எழுவார். மேசையில் ஒரு நாணயமும் தங்காது. காரணம் எளிது: நாள் முழுதும் நம் கையால் எண்ணிய பணத்தில் ஒரு காசும் நம்முடையதன்று. தளிகை மேடையும் அத்தகையதே. அது எம்பெருமானுக்கு அமுது சமைக்கும் இடம். அதில் நம் பொருளை இறக்கி வைக்கும்போது, சேஷபூதனான நாம் சொந்தக்காரனாகிவிடுகிறோம்.

இங்கு ஒரு சங்கை எழலாம். பொருள்கள் பல இருப்பதே குற்றமோ என்னில், அன்று. ஆண்டாள் நாச்சியார் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொண்டது நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும். உடையவர் அதைச் செலுத்தி, ‘கோயில் அண்ணன்’ என்னும் திருநாமமும் பெற்றார். அத்தனை தடாக்களும் அவனுக்கானவை. அங்கே நெருக்கடி இருந்திருக்கலாம், குப்பை இல்லை.

அப்படியாகில், அன்பினால் வைத்திருக்கும் பொருளை என் செய்வது? நமக்குக் கடினமாயிருந்த கேள்வி இதுவே. மேடையின் மூலையில் நம் அன்னையாரின் கல்சட்டி இருந்தது. விரிசல் கண்டு, அதில் ஆறு ஆண்டுகளாக ஒரு துளி சாற்றமுதும் கொதிக்கவில்லை. அகற்ற மனம் வரவில்லை.

கூரத்தாழ்வான் செல்வமனைத்தையும் துறந்து, தம் தேவிகளுடன் திருவரங்கத்திற்கு நடந்த கதையை அனைவரும் அறிவோம். காட்டு வழியில் தேவிகள், பயம் உண்டோ என்று கேட்க, மடியில் கனம் இருந்தாலன்றோ பயம் என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்காகப் பொன் வட்டில் ஒன்றை அந்த அம்மையார் எடுத்து வந்திருந்தார். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டில் எறிந்தார். அம்மையார் அதைக் கொண்டுவந்தது பேராசையாலன்று, அன்பாலேதான். ஆயினும் அன்பின் பெயரால் வந்த பொருளும் பயத்திற்கு இடமாயிற்று. விவேகத்தை அடுத்து நிற்கும் விமோகம், அதாவது ஆசையில் ஒட்டாதிருத்தல், இதுவே.

நம் அன்னையார் இரவில் மேடையைக் கழுவித் துடைத்து, அடுப்புக்குக் கோலமிட்ட பிறகே படுக்கச் செல்வார். விரிசல் விட்ட சட்டியை அவர் ஒரு நாளும் அங்கே விட்டு வைத்திருக்கமாட்டார். இது தோன்றியபின் கல்சட்டியை அகற்றினோம். இரவில் மேடை துடைத்துக் கோலமிடுவதை நம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டோம். முதல் சில நாள்கள் கோலம் கோணலாகவே வந்தது.

இத்துடன் முடித்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் மேடை பளபளத்தவுடன் நமக்குக் கர்வம் வந்தது. பள்ளிவிட்டு வந்த பேரன் தண்ணீர்ப் புட்டியை மேடையில் வைத்ததற்குக் கடுஞ்சொல் கூறினோம். அதன்பின் இரண்டு நாள் குழந்தை அடுக்களைப் பக்கமே வரவில்லை. தாத்தாவின் கையால் ப்ரஸாதம் வாங்கவும் வரவில்லை. ஏழாவதான அநுத்தர்ஷம், அதாவது மிகையான களிப்பின்மை, ஏன் சொல்லப்பட்டது என்பது அப்போது விளங்கிற்று. சுத்தியைக் கைங்கர்யமாகச் செய்பவன் மகிழலாம். அதையே தன் பெருமையாகக் கொள்பவன், சார்ஜரை எடுத்துவிட்டு அஹங்காரத்தை மேடையில் வைத்தவனாகிறான். மூன்றாம் நாள் பேரனை நாமே அழைத்து, புட்டி வைக்க வாசலருகே ஒரு பலகை அமைத்துக் கொடுத்தோம்.

ஆகவே இதைப் படிக்கும் அடியார்கள், குறிப்பாக அகத்து ஆண்கள், ஒரு காரியம் செய்து பார்க்கலாம். இன்றிரவு தளிகை மேடையின் முன் நின்று, அதிலுள்ள ஒவ்வொன்றையும் நோக்கி, இது யாருக்காக இங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வோம். அவனுக்கானது இருக்கட்டும். நமக்கானதை நாமே எடுத்து வைப்போம். பிறர் எடுக்கக் காத்திருக்க வேண்டா.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.