குதிரையின் குருதிக்கு நாம் பட்ட கடன்

ஜவ்வாது மலையின் சாமைக் கொல்லைகளில் உழைக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பாம்புக்கடி அன்றாட அச்சம். அக்கடிக்கு உரிய மருந்து நச்சுமுறி ஒன்றே. அம்மருந்து வந்த வழியை ஆராய்ந்தால், மனிதனைக் காக்க விலங்கை வருத்தலாமா என்ற பழைய வினா நம்முன் எழுகிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கோழிகளையும் நாய்களையும் பாம்பு தீண்டச் செய்து நஞ்சின் விளைவுகளைக் குறித்து வைத்தார். அவரது நூல் 1796இல் வெளிவந்தது. பின்னர் கல்கத்தாவில் ஜோசப் ஃபேரரின் சோதனைகளிலும் விலங்குகள் பல மடிந்தன. மாற்று மருந்து மட்டும் கிட்டவில்லை. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட், விலங்குகளின் உடலில் நாகநஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியில் எதிர்ப்பாற்றல் உருவாவதைக் கண்டார். இன்றும் அவ்வாறே குதிரைகளின் குருதியிலிருந்து மருந்து எடுக்கப்படுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் அது முறிக்கும். அதன் வீரியத்தைச் சோதிக்கையில் சுண்டெலிகள் இறக்கின்றன.

இது முறையா? மனித உயிரைப் பேணுவதற்கு உதவுமானால், நியாயமான வரம்புக்குள் இத்தகைய சோதனைகள் ஏற்கத்தக்கவை என்கிறது 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் அது போதிக்கிறது.

'தேவையின்றி' என்ற அச்சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நிகழும் கொடுமையை மட்டுமா அது குறிக்கிறது? 2023இல் ஜவ்வாது மலைத்தொடரின் அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய குழந்தையொன்று, சாலை வசதி இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனையை எட்டாமல் வழியிலேயே இறந்தது. மருந்து நாட்டில் இருந்தது, மலைக்கு வரவில்லை. உயிர் காக்கும் என்ற ஒரே நியாயத்தின் பேரில் குதிரையை வருத்துகிறோம். அந்த மருந்து ஏழையின் குடிசையை எட்டாதபோது, அந்த நியாயமும் நம் கையை விட்டு நழுவுகிறது. குதிரை பட்ட வேதனை வீணாகிறது.

எனவே இக்கடனைத் தீர்க்கும் வழிகள் இரண்டு. விலங்கின்றி மருந்து காணும் ஆய்வுகளை நாம் ஊக்குவிக்க வேண்டும். அதுவரை, மலையூர்களுக்குச் சாலையும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நச்சுமுறியும், கடிபட்டவரைத் தாமதமின்றிக் கொண்டுசேர்க்கும் விழிப்புணர்வும் கிடைக்க உழைக்க வேண்டும். படைப்பு அனைத்தையும் நல்லதெனக் கண்ட இறைவன், வாய் பேசா அவ்வுயிர்களுக்காகவும் ஒருநாள் நம்மிடம் கணக்குக் கேட்பார்.