ஒதுங்குமிடம்

எனக்கு அப்போது 23 வயது. கிளாஸ்கோவில் மேற்படிப்பு. ஈஸ்டர் விடுமுறைக்கு நண்பர்கள் இருவரோடு ஸ்காட்லாந்தின் வடமேற்குப் பக்கம் போவதென்று முடிவாயிற்று. வாடகைக்குக் கார் எடுக்கப் போனால், 25 வயது நிரம்பாதவர் ஓட்டுவதற்கு நாளொன்றுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். மூன்று பேரும் பங்கு போட்டுக் கட்டினோம்.

பயம் எதுவும் இல்லை. பிரிட்டனில் நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் போகிற நாடு. சாவி கைக்கு வந்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இனிப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம், யாரிடமும் வழி கேட்க வேண்டாம், பிடித்த இடத்தில் நிற்கலாம், பிடித்த நேரத்தில் கிளம்பலாம். யாருடைய தயவும் வேண்டாம் என்பதுதான் அன்று எனக்குக் கார். கையில் இருந்தது உரிமம். அதை நான் உரிமை என்று எடுத்துக்கொண்டேன்.

லோமண்ட் ஏரிக்கரை, கிளென்கோ பள்ளத்தாக்கு, ஃபோர்ட் வில்லியம் எல்லாம் வேகமாகக் கடந்துபோயின. 1995-இல் கட்டிய பாலத்தின் வழியாக ஸ்கை தீவுக்குள் நுழைந்து, பெரிய சாலையை விட்டுக் கிளைச் சாலையில் திரும்பியபோதுதான் பயணம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

அங்கே சாலை ஒரு வண்டியின் அகலம்தான். எதிரே வருகிறவருக்கும் அதே சாலை. இருபுறமும் புல் மாதிரித் தெரிவது கெட்டித் தரை அல்ல. சக்கரம் இறங்கினால் புதைந்துவிடும் சதுப்பு. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அந்தத் தார் ஒரு பக்கமாகப் புடைத்து, ஒரு கார் நிற்கும் அளவுக்கு அகலமாகும். பக்கத்தில் ஒரு கம்பம், அதில் சிறிய வெள்ளைப் பலகை. எதிரெதிரே வருகிற வண்டிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல விட்டிருக்கிற இடம். நம் பேச்சில் சொன்னால் ஒதுங்குமிடம்.

அதற்கென்று விதிகள் உண்டு. பிரிட்டனின் சாலை விதிநூலில் 155-ஆவது விதி. எதிரே வண்டி வந்தாலோ, பின்னால் வருகிறவர் முந்திப் போக விரும்பினாலோ, இடப்பக்கம் ஒதுங்குமிடம் இருந்தால் அதற்குள் போய் நிற்க வேண்டும். அது வலப்பக்கம் இருந்தால் குறுக்கே பாயக் கூடாது. அதற்கு நேராகச் சாலையிலேயே நின்றுகொண்டால் எதிரே வருபவர் அதற்குள் நுழைந்து கடந்து போவார். மேடேறி வருகிறவருக்கு முடிந்தவரை வழிவிட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த விதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவைப்பட்டால் ஒதுங்குமிடம் வரும்வரை ரிவர்ஸிலேயே போக வேண்டும். அடுத்த விதி, 156: ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியை நான் படித்திருக்கவில்லை.

கீழே கடல் நீட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையின் ஒரு பக்கம் ஒரு தாய் ஆடு, மறுபக்கம் அதன் குட்டி, பிறந்து ஒரு வாரம் இருக்கும். காரின் சத்தம் கேட்டதும் குட்டி இருந்த இடத்தில் நிற்காமல், சாலையின் குறுக்கே நேராகத் தாயிடம் ஓடியது. நான் பிரேக் போட்டேன். ஓடிய குட்டி தாயின் மடியில் முட்டிப் பால் குடித்தது, வால் துடித்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. முன்னால் இருந்த அகலமான இடத்தில் காரை விட்டுவிட்டு, மூவரும் படம் எடுக்கச் சரிவில் இறங்கிப் போனோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது, எங்கள் காரைத் தாண்டி மேலே ஒரு வேன் வளைவில் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கீழிருந்து ஒரு சிறு கார் அதன் பின்னாலேயே மெல்ல வந்தது. என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மேலிருந்து வேனும் கீழிருந்து காரும் எதிரெதிரே சந்தித்திருக்கின்றன. வேன் ஒதுங்க வேண்டிய இடத்தில் எங்கள் கார் ஆளில்லாமல் நிற்கிறது. வேன்காரர் மேட்டில், வளைவில், ஒரு பக்கம் சரிவு இருக்க, அடுத்த ஒதுங்குமிடம் வரை ரிவர்ஸில் போக வேண்டியதாயிற்று. சிறு காரிலிருந்த அம்மையார் எங்கள் அருகே வந்ததும் கண்ணாடியை இறக்கினார். நர்ஸ் சீருடை. இது வண்டி நிறுத்தும் இடம் இல்லை என்றார். மேலே ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் தமக்காகக் காத்திருக்கிறார் என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இத்தனை வருடமாகியும் மறக்க முடியாதது அந்தப் பொறுமைதான்.

அதன் பிறகு நான் ஓட்டிய விதமே மாறியது. சட்டப்படி அந்தச் சாலைகளில் மணிக்கு 60 மைல், ஏறக்குறைய 96 கிலோமீட்டர், வரை போகலாம். அங்கேயே வாழ்கிறவர்கூட அப்படிப் போவதில்லை. சாலையைப் பார்ப்பதை விட்டுச் சாலையின் நீளத்தைப் பார்க்கப் பழகினேன். அரை மைலுக்கு அப்பால் ஒரு வண்டியின் கூரை மின்னினால், நமக்கும் அதற்கும் நடுவே எத்தனை வெள்ளைப் பலகை, யார் முதலில் எட்டுவார், யார் நிற்பது நல்லது என்று மனம் தானே கணக்குப் போடும். எதிரே வருகிற முகம் தெரியாத ஒருவரும் அதே நொடியில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே ஓர் உடன்பாடு ஆகிவிடும். ஒருவர் ஒதுங்கி நிற்பார். கடந்து போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். நின்றவரும் ஒரு விரல் உயர்த்துவார். அவ்வளவுதான். ஒரு நாளில் இப்படி அறுபது எழுபது பேருக்கு நன்றி சொல்லி, அத்தனை பேரிடம் நன்றி வாங்கினேன். ஊரில் என் தெருவில்கூட ஒரே நாளில் அத்தனை பேரை நான் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை.

யாருடைய தயவும் வேண்டாம் என்று எடுத்த கார், வழி முழுக்க யாரோ ஒருவர் நின்றதால்தான் நகர்ந்தது.

மறுநாள் ஸ்கான்சர் துறையில் காரைக் கப்பலில் ஏற்றி ராசே தீவுக்குப் போனோம். 25 நிமிடப் பயணம். தீவில் இருப்பவர்கள் 200 பேருக்கும் குறைவு. தெற்கே பச்சை, மரங்கள், நல்ல மண். வடக்கே போகப் போகப் பாறை. புரோக்கல் என்ற இடத்தில் இடிந்த கோட்டை ஒன்று கடலோரப் பாறைமேல் நிற்கிறது. அதைத் தாண்டி ஆர்னிஷ் என்ற சிற்றூர் வரை போகிற ஒன்றே முக்கால் மைல் சாலைதான் நாங்கள் தேடி வந்தது. அதைப் போட்டது அரசு அல்ல, ஒரே ஓர் ஆள். கேலம் மக்லவுட், 1911-இல் பிறந்தவர். சிறு நிலத்தில் பயிரிட்டார், தபால் சுமந்தார், கலங்கரை விளக்கத்தில் உதவியாளராக இருந்தார்.

வடகோடி மக்கள் சாலை வேண்டும் என்று பல பத்தாண்டுகள் மனு மேல் மனு கொடுத்தார்கள். கிடைக்கவில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 1960-களின் நடுவில், ஐம்பது வயதைத் தாண்டிய கேலம், 1900-இல் வெளியான சாலை போடும் முறை பற்றிய ஒரு பழைய நூலைப் படித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பிக்காசி, மண்வெட்டி, கோடாலி, ஒரு தள்ளுவண்டி. சதுப்பில் கல் நிரப்பினார். சரிவில் தாங்குசுவர் எழுப்பினார். மழைத்தண்ணீர் சாலையை அறுத்துவிடாமல் அடியில் வழி விட்டார். ஏறக்குறைய 10 ஆண்டுகள். சாலை முடிந்தபோது ஆர்னிஷில் அவரும் மனைவியும் தவிர அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. 1982-இல்தான் வட்டார நிர்வாகம் அதன்மேல் தார் போட்டது. 1988-இல் அவர் காலமானார்.

அந்தத் தாங்குசுவர்களை நான் இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். சிமென்ட் இல்லை. கல்மேல் கல், ஒன்றின் மூக்கு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காரும்படி அடுக்கியிருக்கிறது. ஒரு கல்லை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.  ஆளே இல்லாமல் போகும் ஊருக்குச் சாலை போட்டவர், அங்கே ஒரு நாள் ஆட்கள் எதிரெதிரே வருவார்கள் என்று நம்பித்தான் போட்டிருக்க வேண்டும்.

அந்த மக்கள் ஏன் பாறைக் கோடியில் வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1840-களில் தீவை விலைக்கு வாங்கிய ஜார்ஜ் ரெய்னி, அடுத்த சில ஆண்டுகளில் தெற்கின் நல்ல நிலங்களிலிருந்து குடியானவர்களை அகற்றி அங்கே ஆடு மேய விட்டார். பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் வடக்கே பாறைக்கும் பக்கத்துத் தீவுக்கும் போனார்கள். வடமேற்கு ஸ்காட்லாந்து முழுக்க இதே கதை. காரில் போகிறவர்கள் ஆளற்ற பள்ளத்தாக்கைப் பார்த்து, இயற்கை எத்தனை தூய்மை என்று வியக்கிறார்கள். நானும் வியந்தேன். அந்த வெறுமை இயற்கை கொடுத்தது அல்ல. வெளியேற்றப்பட்ட மனிதர்களின் வீடு இருந்த இடம் அது. புல்லுக்கு நடுவே கூரையில்லாத கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

இன்னும் வடக்கே, பிரேமோர் சந்திப்பிலிருந்து டன்டொனல் போகும் சாலைக்கு வறுமைச் சாலை என்ற பொருளில்தான் இன்றும் பெயர். 1846-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பசி வந்தபோது, மாவுக்குக் கூலி வேலை செய்தவர்கள் போட்ட சாலை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியைத் தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், பசித்தவர்கள் வெட்டினார்கள். அதே பேரரசு, அதே ஏற்பாடு. இப்போது அந்த வறுமைச் சாலையில் போகிறவர்கள் மலையைப் படமெடுக்கிறார்கள்.

தமிழில் ஒதுங்கு, ஒதுக்கு என்று இரண்டு சொற்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். முன்னது நாமே செய்வது, பின்னது பிறருக்குச் செய்வது. மழைக்கு ஒதுங்குகிறோம், பெரியவர் வந்தால் ஒதுங்கி நிற்கிறோம். ஒதுக்கப்பட்டவர் என்று சொல்லும்போது அந்த ஓர் எழுத்து எவ்வளவு கனக்கிறது! ராசேயின் அந்தச் சாலையில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. ஒதுக்கப்பட்ட ஒரு மனிதர், வருகிறவர் போகிறவர் ஒதுங்கிக்கொள்ளும்படி ஒரு வழியைத் தம் கையால் போட்டார். முதல் நாள் நான் ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போனபோது, ஒரு நர்ஸையும், மேலே எங்கோ ஜன்னலோரம் காத்திருந்த ஒரு முதியவரையும் ஒதுக்கியிருந்தேன். நாம் ஒதுங்க மறுக்கும் இடத்தில் யாரோ ஒருவர் ஒதுக்கப்படுகிறார். தீமை செய்ய எண்ணவே வேண்டாம். அழகைப் பார்த்துக்கொண்டு நின்றாலே போதும்.

இளம் வயதில் அயல்நாட்டில் கார் ஓட்டுவது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கட்டாயம் ஓட்ட வேண்டும். ரயிலும் சுற்றுலாப் பேருந்தும் காட்டாத நாட்டை அதுதான் காட்டும். 2015-இல் வடகரையைச் சுற்றி 516 மைல் சுற்றுப்பாதை ஒன்றுக்குப் பெயர் சூட்டி அறிவித்த பிறகு, அந்தச் சிறிய சாலைகளில் வெளியூர் வண்டிகள் பெருகிவிட்டன. வருகிறவர்களால் கடைகளும் விடுதிகளும் பிழைக்கின்றன. அதே சாலையில்தான் பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் மீன் லாரியும் போக வேண்டும்.

ஆகவே சாவியை வாங்கும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பெட்ரோலை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள். படம் எடுக்க, வண்டி நிறுத்த என்று விட்டிருக்கும் இடம் வரும்வரை பொறுங்கள். பின்னால் காட்டும் கண்ணாடியை அடிக்கடி பாருங்கள். அதில் ஒரு வண்டி தெரிந்தால், அடுத்த வெள்ளைப் பலகையில் இடப்பக்கம் ஒதுங்கி, அவரை முன்னால் விடுங்கள். அவர் அந்த ஊர்க்காரர், வேலைக்குப் போகிறார்.