விலை கொடுத்து வாங்கும் நாள்கள்

கேளிக்கைப் பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு வாங்குவது ஒரு கணக்கு என்றே பலரும் கருதுவர். இத்தனை பேர், இத்தனை நாள், இத்தனை பணம் எனப் பெருக்கினால் விடை வந்துவிடும். அறம் பற்றிய ஆராய்ச்சிக்கு அங்கு இடம் ஏது என வினவுவாரும் உளர். ஆயினும், கடல் கடந்து மூன்று வாரம் தங்கப் புறப்படும் குடும்பம் ஒன்றில், பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒருவர் அமர்ந்து சீட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் செய்வது வெறும் கணக்கு அன்று. பிறருடைய நாள்களை அவர்கள் சார்பில் முன்கூட்டியே பங்கிடுகிறார். பொதுவாக உள்ள ஒன்றைப் பங்கிடும் இடமெல்லாம் நீதி பற்றிய வினாவும் உடன் எழும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ நகருக்கு அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டை எடுத்துக்கொள்வோம். 1971 அக்டோபர் 1ஆம் நாள் ஒரே பூங்காவுடன் திறக்கப்பட்ட அவ்விடத்தில் 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பூங்காக்கள் சேர்ந்தன. அண்மையில் யூனிவர்சல் நிறுவனத்தாரின் பூங்காக்களும் உள்ளன. அவற்றுள் புதியது 2025 மே மாதம் திறக்கப்பட்டது. ஈப்போவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ அத்தனை தொலைவு செல்லும் குடும்பம் ஒரு நாளில் திரும்புவதில்லை. எனவே பல நாள் சீட்டு வாங்குகிறது. தந்தை, தாய், பாட்டி, பத்து வயது நிரம்பிய மகள், ஏழு வயது மகன், மூன்று வயதுக் கடைக்குட்டி என அறுவர் அக்குடும்பத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

சீட்டின் வரலாறே சிந்தனைக்கு உரியது. கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, நுழைவுக் கட்டணம் சிறிதாகவும் ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் கட்டணமாகவும் இருந்தது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் சீட்டுப் புத்தகங்கள் வந்தன. ஏ, பி, சி எனத் தரம் பிரித்து அச்சிட்ட தாள்களை ஏறுபவர் கிழித்துக் கொடுப்பார். பின்னர் 1956இல் டி, 1959இல் ஈ என மேலும் இரு தரங்கள் சேர்ந்தன. ஈ சீட்டே உயர்ந்தது; மிகச் சிறந்த அனுபவத்தை ‘ஈ சீட்டு’ என்று சொல்லும் வழக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் அதனால் பிறந்தது. 1982இல் இம்முறை ஒழிந்து, வாயிலில் ஒரே விலை என்னும் முறை நிலைபெற்றது. வசதி கருதிச் செய்த இம்மாற்றம் குடும்பத்துக்குள் ஒரு புதிய வழக்கை மூட்டிவிட்டது. முன்பு ஏறாதவர் பெரிதாகக் கொடுப்பதில்லை; இப்போது எதிலும் ஏறாத பாட்டிக்கும், எல்லாவற்றிலும் ஏறும் பேரனைவிடக் குறையாத விலை.

பல நாள் சீட்டின் விலையமைப்பு இன்னும் நுட்பமானது. முதல் நாளுக்குரிய விலை மிகுதி. நாள் கூடக் கூட, கூடுதல் நாளுக்குக் கொடுக்கும் தொகை குறைந்துகொண்டே போகும். ஏழாம் நாள் ஏறக்குறைய இலவசம்போலத் தோன்றும். ‘இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை விடுவானேன்’ என்று தந்தை சொல்லும்போது கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஏழாம் நாளைப் பூங்காக்காரர் கொடுக்கவில்லை. அது குடும்பத்தாருடைய நாள். அவர்கள் அதைக் கொண்டுவந்து பூங்காவின் வாயிலில் வைக்கிறார்கள். மேலே சிறிது பணமும் வைக்கிறார்கள். கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் கென்னடி விண்வெளி மையம் உள்ளது; 1969இல் நிலவுக்கு மனிதரைச் சுமந்து சென்ற கலம் எழும்பிய மண் அது. அட்லாண்டிக் கடற்கரையும் அப்பக்கமே. ஒன்றும் செய்யாமல் தாழ்வாரத்தில் அமர்ந்து பாட்டியிடம் கதை கேட்கும் ஒரு முற்பகலும் உண்டு. ஏழாம் நாளின் உண்மை விலையில் இவையெல்லாம் அடங்கும். இரசீதில் மட்டும் இவற்றுக்கு இடமில்லை.

வாங்கியபின் நிகழ்வது மேலும் கவலைக்குரியது. கொடுத்த பணம் கொடுத்தவரை ஆளத் தொடங்குகிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்னும் உளவியல் ஆய்வாளர் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைக்கத் தக்கது. நூறு டாலருக்கு ஒரு பனிச்சறுக்குப் பயணமும், ஐம்பது டாலருக்கு மற்றொன்றும் வாங்கிவிட்டதாகவும், மலிவானதே அதிக இன்பம் தரும் எனத் தாம் எண்ணுவதாகவும், இரண்டும் ஒரே நாளில் வந்து மோதுவதாகவும் மாணவர்களைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோர் இன்பம் குறைந்த நூறு டாலர்ப் பயணத்தையே தேர்ந்தார்கள். போன பணம் எவ்வழியிலும் திரும்பாது என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிவு ஒரு பக்கம் நிற்க, ‘வீணாக்கக் கூடாது’ என்னும் பழைய பழக்கம் மறுபக்கம் இழுத்தது.

வீணாக்காமை நல்ல பண்பு. தோட்டப்புறத்தில் கஞ்சி குடித்து வளர்ந்த தலைமுறையின் வழியில் வந்தோர்க்கு அதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் எதை வீணாக்கக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். புளோரிடாவின் கோடையில் வெயில் கொடியது. பிற்பகலில் இடி மழை அடிக்கடி பெய்யும். ஐந்தாம் நாள் காலையில் கடைக்குட்டி காய்ச்சல் கண்டவனைப்போலச் சுருண்டு கிடக்க, மகன் கால் வலிக்கிறது என்று அழ, ‘சீட்டு வாங்கியாயிற்று, எழுந்திருங்கள்’ என்று தந்தை விரட்டுவாரானால், அங்கே சிக்கனம் எதுவும் நிகழவில்லை. காகிதத்தைக் காப்பாற்றக் குழந்தைகளைச் செலவிடுகிறார். இதே தந்தை, யாரேனும் அச்சீட்டை இலவசமாகத் தந்திருந்தால், அன்று ஓய்வெடுங்கள் என்றிருப்பார். குழந்தையின் உடல்நிலை ஒன்றே. பணத்தின் நினைவு மட்டுமே வேறு.

அடுத்து வயது. டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். 3 முதல் 9 வயது வரை சிறுவர் கட்டணம். 10 நிரம்பினால் பெரியவர் கட்டணம். மகளுக்குப் பத்து நிரம்பி இரண்டு மாதமே ஆகிறது. வாயிலில் பிறப்புப் பத்திரம் கேட்கமாட்டார்கள் என்ற துணிவில் ‘ஒன்பது’ என்று பதிந்துவிடும் எண்ணம் தோன்றலாம். நிறுவனம் பெருஞ்செல்வம் உடையது, எல்லைக்கோடு தன்விருப்பமாக இட்டது என்பன வழக்கமான சமாதானங்கள். கோடு தன்விருப்பமானது என்பது உண்மைதான். எல்லா வயதுக் கோடுகளும் அத்தகையனவே. மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தம் 2019இல் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கோடு நகரக்கூடியது என்பதால் அதைத் தாண்டிப் பொய் சொல்ல உரிமை பிறந்துவிடாது. சிலர் ‘வாய்மை’ அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்குத் தந்த விலக்கையும் துணைக்கு அழைப்பர். அவ்விலக்கு தன் பணப்பைக்கு விளையும் நன்மையைக் கருதியதன்று.

இப்பொய்யில் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பு சிறிது. மகளுக்கு ஏற்படுவதே பெரிது. பத்து வயதானதைத் தன் வாழ்வின் பெரும் நிகழ்ச்சியாகக் கொண்டாடிய சிறுமி, யாரேனும் கேட்டால் ‘ஒன்பது’ என்று சொல்லப் பயிற்றுவிக்கப்படுகிறாள். தான் வளர்ந்தது தந்தைக்கு ஒரு செலவு என்று அவள் அறிந்துகொள்கிறாள். வகுப்பில் வாய்மை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், அவளிடமிருந்து என்ன எதிர்பார்க்க இயலும்?

வரிசையைப் பற்றிய வினா அயலாரையும் உட்படுத்துவது. 1999இல் டிஸ்னி பூங்காக்களில் ‘ஃபாஸ்ட்பாஸ்’ அறிமுகமானபோது, சீட்டு வைத்திருந்த எவரும் கட்டணமின்றி நேரம் குறித்துக்கொண்டு பின்னர் வந்து விரைவு வழியில் செல்ல முடிந்தது. 2021 முதல் விரைவு வழிக்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. விமானத்தில் முதல் வகுப்பில் இருப்பவர் மற்றவரைத் தாமதப்படுத்துவதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். சவாரி அப்படிப்பட்டதன்று. ஒரு மணி நேரத்தில் அது சுமக்கும் ஆள்தொகை வரையறைப்பட்டது. விரைவு வழியில் ஒருவர் புகுந்தால், பொது வரிசையில் நிற்பவர் காத்திருப்பு அவ்வளவுக்கு நீளும். ஆகவே அங்கு விற்கப்படுவது பிறருடைய நிமிடங்கள். ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2012இல் வெளியிட்ட நூலின் முதல் இயலே பணம் கொடுத்து வரிசையைத் தாண்டுவது பற்றியதாக அமைந்தது. அடுத்த ஆண்டில், செல்வந்தர் சிலர் மாற்றுத் திறனாளிகளை வழிகாட்டிகளாகக் கூலிக்கு அமர்த்தி, அவர்களுக்குரிய சலுகையால் வரிசையைத் தாண்டுவதாக நியூயார்க் நாளிதழொன்று எழுதியது. 2013 அக்டோபரில் டிஸ்னி அச்சலுகை முறையையே மாற்றியது. உண்மையாகவே காத்திருக்க இயலாத குழந்தைகளின் பெற்றோர் அதனால் இடர்ப்பட்டனர். ஒரே ஒரு நாள் மட்டும் வாய்த்தவர் விரைவு வழியை நாடினால் அதைக் கடிந்துரைக்க மனம் வராது. மூன்று வாரம் கையில் உள்ள குடும்பத்துக்கு அந்த நியாயம் இல்லை.

கடைக்குட்டியின் செய்தி எளிது. ‘ஸ்பேஸ் மவுண்டன்’ சவாரிக்கு 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மூன்று வயதுக்கு அது எட்டாது. பெற்றோருள் ஒருவர் அவனுடன் நிற்க, மற்றவர் ஏறி வந்தபின், நின்றவர் மீண்டும் நெடுவரிசையில் நில்லாமல் ஏறலாம் என்ற ஏற்பாடு அங்கேயே கட்டணமின்றி உள்ளது.

பாட்டியின் செய்தி அவ்வளவு எளிதன்று. ‘அவர் எதில் ஏறப்போகிறார்? வீட்டிலிருந்து இளைப்பாறட்டும்’ என்பது ஒரு கட்சி. ‘எல்லாருக்கும் ஏழு நாளென்றால் அவருக்கும் ஏழு நாள், அதுவே மரியாதை’ என்பது மறு கட்சி. முன்னது அவரைச் சவாரியின் எண்ணிக்கையால் அளக்கிறது. பின்னது ஏழு நாளும் வெயிலில் நடக்க வைத்து அதற்கு மரியாதை என்று பெயரிடுகிறது. இரண்டிலும் அவரைக் கேட்டவர் இல்லை. கேட்டாலோ, ‘எனக்கு எதற்கய்யா, பிள்ளைகள் போய்வரட்டும்’ என்பார். இவ்விடையை அப்படியே ஏற்றுக்கொள்வது நேர்மையா? வாழ்நாள் முழுதும் தம் பங்கைப் பிறர் தட்டில் இட்டே பழகிய ஒருவரின் ‘வேண்டாம்’ என்பதில் விருப்பம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். குறைவாகப் பெற்றே வாழ்ந்தோர் தம் ஆசைகளையும் அந்த அளவுக்குக் குறுக்கிக்கொள்வர் என அமர்த்திய சென் வலியுறுத்தி எழுதியுள்ளார். ஆகவே சொல்லை மட்டும் நிறைகோலாகக் கொள்வது போதாது. சொன்னவர் மீது தன் கருத்தைத் திணிப்பதும் தகாது.

இடையே ஒரு வழி உண்டு. எல்லார்க்கும் ஒரே நீளச் சீட்டு வேண்டும் என எந்தப் பூங்காவும் வற்புறுத்துவதில்லை. நான்கு பூங்காக்களின் படங்களையும் பாட்டியின் முன் விரித்து வைத்து, ‘வருகிறீர்களா’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இவற்றுள் எந்த இரண்டு நாள் எங்களோடு இருக்கிறீர்கள்’ என்று பேத்தியைக் கொண்டு கேட்கச் செய்யலாம். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் உலவும் வெளியைத் திறந்த ஊர்தியில் இருந்து காணும் பூங்காவை அவர் சுட்டக்கூடும். இரவில் வாணவேடிக்கை எத்தனை மணிக்கு என்றும் வினவக்கூடும்.