விதியும் விளிம்பும்

இயற்கை விதிகளை முழுமையாக அறிந்துவிட்டால் உலகில் நடப்பது அனைத்தையும் அறிந்ததாகுமா என்பது மெய்யியலில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் கேள்வி. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814ஆம் ஆண்டில், ஒரு கணத்தில் எல்லாப் பொருள்களின் நிலையையும் அவற்றின்மேல் செயற்படும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவுக்கு இறந்தகாலமும் எதிர்காலமும் ஒருங்கே புலப்படும் என்று எழுதியபோது, அந்த அறிவு அண்டம் முழுவதையும் ஒருசேரக் காண்பதாகக் கொண்டார். ஆகவே, காணும் பகுதிக்கு வெளியே என்ன நிகழ்கிறது என்ற சிக்கல் அவருக்கு எழவில்லை. மனித அறிவுக்கு அந்த வசதி இல்லை. உலகின் ஒரு துண்டை வெட்டி எடுத்தே எந்தக் கணிப்பும் தொடங்குகிறது. வெட்டிய இடத்தில் ஒரு விளிம்பு உண்டாகிறது. அவ்விளிம்பில் என்ன நிகழ்கிறது என்பதை விதி சொல்வதில்லை. நீர், காற்று, குருதி போன்ற பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் கணிக்கும் மென்பொருளில் இந்த உண்மை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இம்மென்பொருள்களின் அடித்தளம், 1822இல் நவியரும் 1845இல் ஸ்டோக்ஸும் வகுத்த சமன்பாடுகள். பாய்மத்தின் ஒவ்வொரு சிறு கூறும் அழுத்த வேறுபாட்டாலும் உள்ளுராய்வாலும் எவ்வாறு முடுக்கம் பெறுகிறது என்பதை அவை கூறுகின்றன. அடர்த்தி, பாகுநிலை போன்ற சில எண்களை மாற்றினால் போதும், ஆற்றுக்கும் விமான இறக்கைக்கும் குருதிநாளத்துக்கும் அதே சமன்பாடுகளே பொருந்தும். ஆற்றை ஆறாகவும் நாளத்தை நாளமாகவும் ஆக்குவது, ஓட்டம் நிகழும் இடத்தின் வடிவமும், அதன் விளிம்புகளில் திசைவேகம், அழுத்தம் முதலியன எவ்வாறிருக்கும் என்று சொல்லும் எல்லை நிபந்தனையுமே.

மூளைக்குச் செல்லும் குருதிநாளம் ஒன்றில் ஏற்பட்ட புடைப்பை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் படங்களிலிருந்து நாளத்தின் வடிவத்தை உருவாக்கி, புடைப்புக்குச் சற்று முன்னே அதை வெட்டினால், அந்த வெட்டுமுகமே குருதி நுழையும் வாயிலாகிறது. கணினி அதை நூற்றுக்கணக்கான சிறு முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு திசைவேகத்தைக் கேட்கிறது. ஓப்பன்ஃபோம் என்னும் திறமூல மென்பொருளில், '0' என்று பெயரிட்ட கோப்புறைக்குள் உள்ள திசைவேகக் கோப்பில் ஒரே வரி எழுதி, எல்லா முகங்களுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்துவிட முடியும். ஆனால் சுவரை ஒட்டிய பாய்மம் அசைவதில்லை. நீண்ட நேரான குழாயில் சீராகவும் கலங்கலின்றியும் செல்லும் ஓட்டம் பரவளைவு வடிவம் பெற்று, சுவரில் சுழியமாகவும் நடுவில் சராசரியைப்போல் இரு மடங்காகவும் இருக்கும். அதைக் கொடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு முகத்தின் மையமும் நாளத்தின் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணக்கிட்டு, அதற்குரிய வேகத்தைத் தரும் சிறு நிரலை எழுத வேண்டும். அளந்த மதிப்புகள் இருந்தால், அளந்த புள்ளிகளையும் மதிப்புகளையும் கொடுத்து, இடைப்பட்ட முகங்களுக்குரியவற்றை மென்பொருளையே கணிக்கச் செய்யலாம். இடத்துக்கு இடம் மாறும் எல்லை நிபந்தனை என்பது இதுவே.

எல்லா முகங்களுக்கும் ஒரே வேகத்தைக் கொடுப்பது, பரவளைவாகக் கொடுப்பது ஆகிய இரண்டு முறைகளிலும் நொடிக்கு நுழையும் குருதியின் அளவு ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும் பரவளைவு ஓட்டம் சுமந்து வரும் இயக்க ஆற்றல் ஒரே வேகத்தில் நுழையும் ஓட்டத்தினதைப்போல் இரு மடங்கு. விளிம்பில் செய்த பிழை உள்ளே போகப் போகத் தானே திருந்திவிடும் என்று நம்புவதற்கும் இடம் குறைவு. பாய்மத்தின் நிலைமத்துக்கும் உள்ளுராய்வுக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் ரெனால்ட்ஸ் எண் 300ஆக இருந்தால், ஒரே வேகத்தில் நுழையும் ஓட்டம் முழு வடிவம் பெறக் குழாயின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு நீளம் தேவை. 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாளத்தில் அது 7 சென்டிமீட்டருக்கு மேல் வரும். வெட்டுமுகம் அதைவிடப் புடைப்புக்கு நெருக்கமாக இருந்தால், வாயிலில் எடுத்த முடிவு புடைப்பின் சுவர்வரை சென்று சேரும். இதயத் துடிப்பையும் சேர்த்துக்கொண்டால், வேகத்தின் பரவல் நேரத்துக்கு நேரமும் மாறும். அதற்கு 1955இல் வோமர்ஸ்லி தீர்வு கண்டார்.

எல்லை நிபந்தனை என்பது அறியாமையின் மறுபெயர், ஆய்வுப் பரப்பை விரித்தால் அது மறைந்துவிடும் என்று ஒருவர் வாதிடக்கூடும். ஆனால் நாளத்தின் வெட்டை இதயம்வரை பின்தள்ளலாம்; அங்கும் ஒரு விளிம்பு இருக்கும்; இதயத்தையும் சேர்த்துக்கொண்டால் அடுத்த விளிம்பு நுரையீரலில் நிற்கும். 1968இல் மெய்யியலாளர் மைக்கேல் பொலானி, எந்திரங்களிலும் உயிர்களிலும் விதிகளைப் பணிகொள்வது எல்லை நிபந்தனைகளே என்றும், அவற்றை விதிகளிலிருந்து வருவிக்க முடியாது என்றும் வாதிட்டார். உயிரின் இயல்பு குறித்து அவர் கண்ட முடிவு இந்த வாதம் தாங்குவதைவிடப் பெரிது; ஆனால் அதன் அடிப்படை உறுதியானது. அதே வேளையில், விளிம்பை நினைத்தபடியெல்லாம் எழுதிவிடவும் முடியாது. தீர்வு இருக்க வேண்டும், அது ஒன்றாக இருக்க வேண்டும், தரவில் நேரும் சிறு மாற்றம் தீர்வில் சிறு மாற்றத்தையே விளைக்க வேண்டும் என்று முறையாக அமைந்த கணக்குக்குக் கணித அறிஞர் அடமார் வரையறை வகுத்தார். விளிம்பில் குறைவாகச் சொன்னால் தீர்வுகள் பலவாகும்; ஒரே வாயிலில் வேகத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே விதித்தால் தீர்வே இல்லாமற்போகலாம்.

அண்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் விளிம்பில் நிகழ்வதைத் தீர்மானிப்பது எது என்னும் கேள்வி சமயத்தைத் தொடுகிறது. 1983இல் இயற்பியலாளர்கள் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் அண்டத்துக்குத் தொடக்க விளிம்பே இல்லை என்னும் கருதுகோளை முன்வைத்தனர். படைப்பவனுக்கு இனி வேலை இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்டியோர் உண்டு. ஆனால் 'விளிம்பு இல்லை' என்பதும் ஓர் எல்லை நிபந்தனையே. அது விதியிலிருந்து பிறந்ததன்று, விதியோடு சேர்த்துக் கொள்ளப்பட்டது. அதற்காக விதி சொல்லாமல் விடும் அந்த இடைவெளியில் உடனே இறைவனைக் கொண்டுவந்து நிறுத்துவதும் முறையான வாதம் ஆகாது. விதி மட்டும் போதாது என்பதற்கு மேல் அந்த இடைவெளி எதையும் மெய்ப்பிப்பதில்லை.

மனிதர் எழுதும் விளிம்புக்கோ பொறுப்பாளர் உண்டு. புடைப்பு வெடிக்கும் வாய்ப்பை மதிப்பிட உதவும், கணிப்பின் முடிவைக் காட்டும் வண்ணப்படத்தை வெளியிடுவோர், வாயிலின் முகங்களுக்கு எந்த வேகங்களைக் கொடுத்தனர், ஏன் கொடுத்தனர் என்பதையும் அதனுடன் வெளியிட வேண்டும்.