கோலியன் கேட்ட கேள்வி



கோலியர் குலத்துத் தீகஜாணு என்னும் இல்லறத்தான் பகவன் புத்தரை அணுகி, மனைவி மக்களோடும் பொன் வெள்ளியோடும் வாழும் தம்மைப் போன்றோர்க்கு ஏற்ற தர்மம் யாதென வினவினான். பகவன் அவனைத் துறவு பூணுமாறு பணிக்கவில்லை. முயன்று பொருளீட்டல், ஈட்டியதைக் காத்தல், நல்லோரை நட்பாகக் கொள்ளுதல், வரவறிந்து வாழ்தல் என நான்கினை உரைத்தருளினார்.

கல்கத்தாவில் வாழும் நமக்கு இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பணச்சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆயினும் 1980இல் சஞ்சயிதா வீழ்ந்தது. 2013 ஏப்ரலில் சாரதா குழுமம் வீழ்ந்தது. மாநில அரசு 500 கோடி ரூபாய் நிவாரண நிதி அறிவித்து, அதற்கெனப் புகையிலை வரியை உயர்த்தியது. ஒருவன் இழந்த பொருளுக்கு மற்றொருவன் விடும் புகை ஈடு செய்ய வேண்டியதாயிற்று!

ஏமாந்தவர் யாவரும் பேராசைக்காரர் என்பாரும் உளர். அது முழு உண்மையன்று. அஞ்சலகச் சிறுசேமிப்பில் வங்காளம் முன்னணியில் நின்ற மாநிலம். வீடு தேடி வந்து பணம் பெற்ற முகவர்களின் கழிவு 2011 இறுதியில் குறைக்கப்பட்டது. அவர்களுள் சிலர் அதே வாயில்களுக்கு வேறு நிறுவனத்தின் புத்தகத்தோடு வந்தனர். முகம் பழையது, புத்தகம் மட்டும் புதிது.

நாம் சணல் ஆலையில் தறியோட்டிய நாளில், கூலியில் நூற்றுக்குப் பத்து வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தனர். முணுமுணுத்தோம். 1952ஆம் ஆண்டுச் சட்டம் நம்மைக் கேளாமலே நமக்காகச் சேமித்தது. ஓய்வுநாளில் அது மொத்தமாகக் கைக்கு வரும். அன்று முதல் காவல் நம்முடையது. நம்மோடு உழைத்த மூத்தவர் ஒருவர் அத்தொகை முழுவதையும் ஒரு நிறுவனத்தில் இட எண்ணினார். அதன் முகவன் நம் பிரசங்கங்களில் முன்வரிசையில் அமர்பவன். "ஐயா, அவன் நல்லவன்தானே?" என நம்மிடம் வினவினார். நல்லவன் என்றோம்.

அது பொய்யன்று. தன் தாயின் பணத்தையும் அவன் அங்கேயே இட்டிருந்தான், எல்லாம் போயிற்று. நல்ல நண்பனுக்குச் சிரத்தை, சீலம், ஈகை, பிரஞ்ஞை என நான்கு இலக்கணங்களைப் பகவன் கூறினார். அவனிடம் முதல் மூன்றும் இருந்தன. நான்காவது அவனிடமும் இல்லை, பீடத்தில் அமர்ந்து விடையளித்த நம்மிடமும் இல்லை. பணம் எங்கே செல்கிறது, வட்டி எதிலிருந்து வருகிறது என ஒரு சொல் கேட்டோமில்லை. அம்மூத்தவர் நம்மைக் கடிந்ததே இல்லை. அதுவே இன்றும் உறுத்துகின்றது.

அவர் மறைந்துவிட்டார். 2021இல் தொடங்கிய லட்சுமிர் பண்டார் உதவித்தொகை அவர் மருமகளின் வங்கிக் கணக்கிலேயே நேராக வந்தது. வங்கி வைப்புக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டென அன்று அவளுக்கு விளக்கினோம். சென்ற திங்கள் அவள் கைப்பேசியைக் காட்டி, உடனடிக் கடன் தரும் செயலியொன்று நல்லதா என வினவினாள். நல்லது, தீயது என நாம் கூறவில்லை. கடன் தருபவர் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றவரா, வட்டி ஆண்டுக்கா நாளுக்கா, தவணை தவறினால் என்ன என்று இருவருமாகச் சிறிய எழுத்துக்களைக் கூட்டிக்கூட்டிப் படித்தோம். ஒரு மணி நேரம் சென்றது. இன்னும் பாதிப் பக்கம் எஞ்சியிருந்தது.