காற்றறிந்து படகேறுதல்

அய்யா துணை.

“அய்யா துணை இருக்கும்போது காற்றையும் அலையையும் கணக்குப் பார்ப்பானேன்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் பக்தி தெரிகிறது. ஆனாலும் அதற்குள் ஒரு தர்மக் கேள்வி அடங்கியிருக்கிறது. தன் உயிரை இறைவனிடம் ஒப்படைக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. தன்னோடு படகில் இருக்கும் பத்துப்பேரின் உயிரைத் தன் நம்பிக்கையின் பேரில் பணயம் வைக்க அவனுக்கு உரிமை உண்டா?

அன்பர்கள் பலரும் அறிந்த கன்னியாகுமரிக் கடலையே எடுத்துக்கொள்வோம். கரையிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் விவேகானந்தர் பாறை. அதன் மேல் 1970-ல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம். பக்கத்துப் பாறையில் 133 அடித் திருவள்ளுவர் சிலை. கண்ணுக்கு எட்டும் தூரந்தான். ஆயினும் காற்று கடுத்தாலும், அலை உயர்ந்தாலும், நீர்மட்டம் தாழ்ந்தாலும் அன்று படகு ஓடாது. எத்தனையோ நாள் ரயிலில் வந்தவர்களும் கரையிலேயே காத்து நிற்பார்கள்.

கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். அந்த நேரமும் தினந்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் கூடுதல். குமரிக்கடலில் இந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனாலும் பாறைகளுக்கிடையே ஒரு முழம் நீர் குறைந்தால் படகின் அடி தட்டும். வள்ளுவர் சிலைக்குப் போக நெடுங்காலம் இருந்த தடை இதுதான். 2024 டிசம்பர் 30-ல் இரு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. இப்போது ஒரு பாறையிலிருந்து மற்றதற்கு நடந்தே போகலாம். ஆனால் கரையிலிருந்து முதல் பாறைக்குப் போக இன்றும் கடல் இடங்கொடுக்க வேண்டும். மனித முயற்சி எதுவரை செல்லும், எங்கே அடங்கி நிற்க வேண்டும் என்பதை இந்தச் சிறிய பயணமே காட்டுகிறது.

கண்ணால் பார்த்து மட்டும் கடலை அறிந்துவிட முடியாது. கள்ளக்கடல் என்று கடலோர மக்கள் சொல்லும் அலை, தெற்கே வெகுதூரத்தில் வீசிய புயலில் பிறந்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். அதை முன்கூட்டிக் கணித்துச் சொல்ல ஹைதராபாத்தில் ஒரு கடல்சார் தகவல் மையம் இருக்கிறது. “எனக்குத் தெரியாத கடலா?” என்னும் எண்ணம் அகங்காரம். தெரிந்தவரைக் கேட்டு நடப்பது பணிவு. பக்திக்கு அருகில் இருப்பது பணிவே.

“கணக்குப் பார்த்தவர் எல்லாரும் தப்பினார்களா?” என்றும் கேட்கலாம். இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்து மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். சிறுவயதிலிருந்தே கடலை அறிந்தவர்கள் அவர்கள். புயல் எச்சரிக்கைக்கு முன்பே புறப்பட்டுவிட்டதால் செய்தி அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. அவர்களைக் குறை சொல்வது பாவம். எவ்வளவு திட்டமிட்டாலும் கடல் நம் கைக்குள் வந்துவிடாது. நம் பங்கில் குறை வைக்காமல் இருப்பதற்கே திட்டம். அதற்கு மேற்பட்டதைத்தான் இறைவனிடம் விட முடியும். நம் பங்கைச் செய்யாமல் விடுவதற்குச் சரணாகதி என்று பெயரிட்டால் அது சோம்பலே.

கரையில் இருப்போருக்கும் இதில் கடமை உண்டு. எச்சரிக்கையை உரிய நேரத்தில் கொண்டு சேர்ப்பது ஒன்று. மற்றொன்று, “கடல் சரியில்லை, காத்திரு” என்று கேட்டுக்கொண்டவனின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது. சுற்றுலா வந்தவனுக்கு ஒரு நாள் காத்திருப்பு ஏமாற்றம் மட்டுமே. தொழிலுக்குப் போகிறவனுக்கு அது பிள்ளைகளின் பசி. அந்தப் பசிதான் பலரைக் கெட்ட காற்றில் கடலுக்குத் தள்ளுகிறது. பசித்தவனுக்குப் பொறுமையைச் சொல்பவர் முதலில் அன்னம் இடவேண்டும். அன்னதர்மம் பதிகளின் வாசலோடு நின்றுவிடாமல் கடற்கரைக் குடிசை வரை செல்லட்டும்.

ஆகவே பயணம் புறப்படும் அன்பர்கள் காற்றைக் கேளுங்கள், நீரின் நேரத்தைக் கேளுங்கள், படகோட்டி வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். அவர் மறுப்பது உங்கள் பிள்ளைகளின் உயிருக்காக. அந்த மறுப்பின் வழியாகவும் அய்யா காப்பார்.

அய்யா உண்டு.