இரைச்சலும் அனுமானமும்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிக் காதை நம்பித் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தூரம் நியாயம்? தர்க்கத்தைச் சேர்ந்த கேள்வி. தீர்ப்பின் செலவை வேறொருவர் ஏற்க நேரும்போது அறத்தையும் சேர்ந்தது.

கோயம்புத்தூரில் இதைப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்து யோசிக்கலாம். ஜி.டி.நாயுடு (1893–1974), பந்தயக் கார்களைச் சொந்தமாக வடிவமைத்து 1995-இல் மறைந்த கரிவரதன் என்று, இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதையே படிப்பாகக் கொண்டவர்களின் ஊர் இது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கார் ஷெட். அதில் எம்.ஜி.ஏ. கார் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். 1955-லிருந்து 1962 வரை இங்கிலாந்தில் தயாரான கார். எஞ்சின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில். அடியில் ஒரு கரகரப்பு. கிளட்ச் பெடலை மிதித்தால் நின்றுவிடுகிறது. மிதித்தது கிளட்சை, ஆகவே கோளாறு கிளட்சில் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மிதித்ததும் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பு அறுகிறது. கியர் பாக்ஸுக்குள் நுழையும் தண்டும் அதனோடு சுற்றும் லே ஷாஃப்டும் நின்றுபோகின்றன. சத்தம் அவற்றோடு நின்றது. சந்தேகம் கியர் பாக்ஸ் பேரிங்குகள் மேல் விழ வேண்டும்.

மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால்? பெடலை லேசாகத் தொட்டதுமே கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். இந்தக் காரில் அது குண்டுகள் உருளும் பேரிங் அல்ல, ஒரு கிராஃபைட் வளையம். அது தேய்ந்து தீர்ந்தால் அதைப் பிடித்திருக்கும் உலோகமே உரசும். முழுக்க மிதித்துக் கியரில் நிற்கும்போதுதான் சத்தம் என்றால், தண்டின் முனை அமர்ந்திருக்கும் புஷ்ஷையும் சந்தேகிக்க வேண்டும்.

மணிமேகலையின் 29-ஆம் காதை அனுமானத்தைப் பேசுகையில் அந்நுவயம், வெதிரேகம் என்ற சொற்களைக் கையாள்கிறது. ஒன்று இருக்க மற்றது இருப்பது. அது இல்லாதபோது இதுவும் இல்லாதது. பெடலை மிதித்தும் விட்டும் பார்க்கிற மெக்கானிக் செய்வதும் இதுதான். தொல்லை என்னவென்றால் ஒரே மிதியில் இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன: ஓரிடத்தில் சுமை ஏறுகிறது, இன்னோரிடத்தில் சுழற்சி நிற்கிறது. ஒரு சோதனையோடு திருப்தி அடைகிறவன் தன் முன்முடிவையே காதால் கேட்கிறான். ஓட்டியும் பார்க்க வேண்டும். இரண்டிலும் மூன்றிலும் ஊளையிட்டு நாலாவது கியரில் அடங்கினால் லே ஷாஃப்ட் பக்கம் விரல் நீட்டலாம். நாலாவதில் சக்தி அதன் வழியாகப் போவதில்லை.

முதல் கியர் தனி. அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, சின்க்ரோமெஷும் கிடையாது. அது ஊளையிடத்தான் செய்யும். அது அந்தக் காரின் சுபாவம். சுபாவத்தைப் பழுதென்று சொல்லிப் பணம் வாங்குவது ஒரு பொய். கெட்ட கியர் பாக்ஸில் மரத்தூளைக் கலந்து, சத்தத்தை அடக்கி விற்பது இன்னொரு பொய். இந்த இரண்டாவதில், வாங்குகிறவனின் காதுதான் ஏமாற்றப்படுகிறது. பற்கள் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. மௌனம் ஆரோக்கியத்துக்குச் சான்றாகாது. அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்தில் கார்கள் மௌனமாகத்தான் நிற்கின்றன. சுழலாத பேரிங் எதையும் சொல்லாது.

'பிரித்தால்தான் தெரியும்' என்று மெக்கானிக் சொல்வது நேர்மை போலப் படுகிறது. ஆனால் இந்தக் காரில் கியர் பாக்ஸைப் பிரிக்க எஞ்சினையும் சேர்த்து இறக்க வேண்டியிருக்கும். கேட்க வேண்டியதைக் கேட்காமல் அப்படிச் சொன்னால், தன் சோம்பலின் செலவை அவர் இன்னொருவர் தலையில் கட்டுகிறார். சந்தேகம் வந்த பிறகும் 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்பதும் குற்றமே. உடைந்த பேரிங்கின் துகள் எண்ணெயில் கலந்து நல்ல பற்களையும் தின்னும். இடையில் ஒரு காரியம் இருக்கிறது: எண்ணெயை வடித்து, துகள் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ஒரு பாத்திரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

ஆக, அனுமானிக்கிறவனுக்கு இரண்டு கடமைகள். திருப்பிச் செய்ய முடியாததைத் தொடுமுன் மலிவான சோதனைகளைச் செய்து முடிப்பது. எந்த அளவு தெரியுமோ அந்த அளவே உரக்கச் சொல்வது.

நாமும் கவிதைகளைக் காதால் சோதிக்கிறவர்கள். கரகரப்பு கேட்டதும் கோளாறு என்று எழுதிவிடுகிறோம். அது முதல் கியரின் ஊளையா, பேரிங்கின் முனகலா என்று இரண்டாம் முறை மிதித்துப் பார்க்கிறவர்கள் நம்மில் குறைவு. வழவழவென்று ஓடும் வரிகளின் எண்ணெயை வடித்துப் பார்க்கிறவர்கள் அதைவிடக் குறைவு.